கித்தானுக்கும் வேர்க்கும்

ஒழுகுவதை ஒப்புக்கொள்ளாதவர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. உலகம் பூராவும் பரவி வாழ்கிற இனம்தான். ஆனாலும் அதைக் கூட்டமாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஜூலை மாதத்தில் எங்கள் மிச்சிகன் ஏரிக்கரை முகாம் மைதானங்களுக்கு வாருங்கள். வரும்போது மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். அதெல்லாம் வேண்டாம் என்று அவர்கள் சொல்வார்கள். எடுத்து வாருங்கள்.

இந்த இனத்தின் உறைவிடம் கூடாரவண்டி. காருக்குப் பின்னால் இழுபட்டு வரும்போது பெரிய சூட்கேஸ் மாதிரித் தட்டையாக இருக்கும். இடம் வந்து சேர்ந்ததும் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் படுக்கைப் பலகைகளை மேசை இழுப்பறைபோல வெளியே இழுத்துவிட்டால் சுற்றிலும் கித்தான் துணி விரிந்து வீடாகிவிடும். தரை உண்டு, அடுப்பு உண்டு, நடுவில் கெட்டியான கூரையும் உண்டு. மனிதன் தலை வைத்துப் படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் கித்தான். இதை வடிவமைத்தவர் மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், பார்த்ததில்லை.

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. உள்ளே சொட்டு விழுந்ததும் மற்றவர்கள் மேலே பார்ப்பார்கள். இவர் உங்களைப் பார்ப்பார். "யார் தொட்டது?" என்பார். நனைந்த கித்தானை உள்ளிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் நீர் கசியும் என்பது உண்மைதான். அந்த ஒரு சொட்டு உண்மையை வைத்துக்கொண்டு அவர் ஆயுள் பூராவும் ஓட்டிவிடுவார். யாரும் தொடவில்லை என்று நிரூபணமாகிவிட்டால் அடுத்து வருவது வேர்வை: உள்ளே இத்தனை பேர் மூச்சு விடுகிறோம், காபி கொதிக்கிறது, ஈரச் சாக்ஸ் காய்கிறது, வெளியே குளிர், உள்ளே சூடு, இந்த ஆவியெல்லாம் எங்கேதான் போகும், கித்தானில் போய் ஒட்டுகிறது, துளியாகிறது, விழுகிறது, இதற்குப் பெயர் ஒழுகலா? இவரைப் போல ஒழுக்கம் உள்ள மனிதரைப் பார்க்க முடியாது. ஒழுக்கு என்பது மட்டும் இவர் அகராதியில் கிடையாது.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றை எனக்குத் தெரியும். பெயர் வெர்லின் போஸ்மா. ஓய்வு பெறும்வரை ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தார். புயலில் கூரை ஒழுகிப்போச்சு என்று யாராவது பணம் கேட்டால், இவர் ஏணியோடு போய்ப் பார்த்து, அது புயலால் வந்த நீரல்ல, வீட்டுக்காரர் அலட்சியத்தால் வந்த ஈரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். பிறர் வீட்டு ஒழுகலையே ஒப்புக்கொள்ளாமல் சம்பளம் வாங்கியவர் தன் வண்டி ஒழுகலை இனாமாக ஒப்புக்கொள்வாரா?

அவர் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் சாண்ட்விச்சை அப்பிக்கொண்டிருந்தாலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். பொய் சொல்லத் தெரியாது. கல்யாணமான புதிதில் மாமியாரின் பன்றிக்கறிக் குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்லி, அந்த உண்மையின் பலனை மாமியார் இருந்தவரை அனுபவித்தவள். அப்படிப்பட்டவள் ஒவ்வொரு கோடையிலும் ஏரிக்கரையில் படுத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தாள்.

"ஒழுகுது, வெர்லின்."

"வேர்வை."

பிறகு அவள் சொல்வதையும் குறைத்துக்கொண்டாள். தலையணைக்கு அடியில் ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு, குளிக்கும்போது தலை நனையாமல் மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி. இந்தக் கோலத்தில் அவள் தூங்குவதைப் பார்த்த மகள் ட்ரீசா, சின்ன வயதில், எல்லா அம்மாக்களும் விடுமுறைக்குப் போனால் இப்படித்தான் தூங்குவார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மார்லிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வெர்லினுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கைப்பிடி சுழற்றுவது, பலகை இழுப்பது எதுவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ட்ரீசாவுக்கும் அவள் கணவன் நோலனுக்கும் தவழ்ந்து முடித்து நடக்கத் தொடங்கிய ஒரு பெண் குழந்தை. முகாமுக்குப் போக வேண்டும் என்று அவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியை அவர்களுக்கே கொடுத்துவிட்டால் என்ன என்று மார்லிஸ் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மெதுவாகப் போட்டுவைத்தாள். முகாம் மைதானத்திலேயே வாடகைக்கு மரக்குடில்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தகரக் கூரை. அதை அவள் பல வருஷமாகப் பக்கத்து வீட்டுக்காரன் புதுக்காரைப் பார்ப்பதுபோலப் பார்த்து வந்திருக்கிறாள். இதை மட்டும் அவள் மேசையில் போடவில்லை.

வெர்லின், பார்க்கலாம் என்றார். அந்த வீட்டில் அதற்கு முடியாது என்று அர்த்தம். ஆனால் ரொட்டியை எடுக்கக் கை நீட்டியபோது தோள் சுளீர் என்றது. சரி, சனிக்கிழமை முகாமுக்கு வந்து பார்க்கச் சொல்லு என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார்கள். கைப்பிடியைச் சுழற்றியதும் பலகை இழுத்ததும் மார்லிஸ். எப்படிச் சுழற்ற வேண்டும், எப்படி இழுக்க வேண்டும் என்று சொல்லியது வெர்லின். கடைசிக் கம்பு மாட்டியதும் மழை பிடித்தது. ஏரிப்பக்கமிருந்து சாய்ந்து அடிக்கிற மழை. சாயங்காலத்துக்குள் மார்லிஸ் படுக்கிற பக்கம் போர்வை நனைந்துவிட்டது. வெர்லின் வந்து பார்த்தார். நீ தலை சீவும்போது கித்தானில் இடித்திருப்பாய் என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்தது. மழை ஓய்ந்தால் இந்த இனத்தின் ஆண்கள் காபிக் கோப்பையோடு ஒன்றுகூடுவது வழக்கம். பக்கத்து இடத்து டுவேன் வந்தார். எதிர்த்த இடத்திலிருந்து தொப்பி போட்ட ஒருவர் வந்தார். மூவரும் போஸ்மா வண்டியின் வெளிப்பக்கம் நின்று கித்தானை நெடுநேரம் பார்த்தார்கள். என் வண்டி ஒழுகாது, ஆனால் ஒழுகினால் தையல் மேலே மெழுகு தேய்ப்பேன் என்றார் டுவேன். என் வண்டியும் ஒழுகாது, ஆனால் மெழுகு வெயிலில் உருகிவிடும், பீய்ச்சி அடிக்கிற மருந்துதான் சரி என்றார் தொப்பிக்காரர். மருந்து கித்தானின் மூச்சை அடைத்துவிடும், அப்புறம் வேர்வை கூடிப்போகும் என்றார் வெர்லின். சும்மா நனையவிட்டால் போதும், நூல் தானாக உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும் என்று டுவேன் கட்சி மாறினார். மூன்று பேரும் தலையாட்டினார்கள். ஒருவரும் உள்ளே வந்து பார்க்கவில்லை. உள்ளே மார்லிஸ் கரண்டியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே பான்கேக்கைத் திருப்பிப் போட்டாள். நடுவில் ஒரு சொட்டு கல்லில் விழுந்து சுர்ரென்றது.

கூட்டத்தின் தீர்மானம் தார்ப்பாய். வண்டிக்கு மேலே நீலத் தார்ப்பாயைக் கட்டுவது. ஒரு முனை பைன் மரத்தில், ஒரு முனை கார்க் கதவில், ஒரு முனை சாப்பாட்டு மேசைக் காலில், இன்னொரு முனையை எங்கே கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மழை மறுபடி வந்துவிட்டதால் அதை டுவேன் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய்க்குத் தொப்பை விழுந்தது. தொப்பை பெருத்தது. வெர்லின் நல்ல கையால் விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து அடியிலிருந்து ஒரு குத்துக் குத்தினார். மொத்த நீரும் சரிந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், ரொட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு, மார்லிஸின் செருப்பை நனைத்து, அடுப்புக்கு அடியில் போய் நின்றது.

"பாத்தியா?" என்றார் வெர்லின். "இப்ப கூரை மேல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

மார்லிஸ் செருப்பைக் கழற்றி நீரை உதறினாள். அவள் சனிக்கிழமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் வண்டியைப் பார்த்தால் ட்ரீசா வாங்கிக்கொள்வாளா? அவள் தன் மகள். கண்ணை எதிலிருந்தும் எடுக்க மாட்டாள்.

ஆகவே சனிக்கிழமை விடிந்ததும் மார்லிஸ் வேலையைத் தொடங்கினாள். ஈரப் படுக்கைப் பைகளை முறுக்கிப் பிழிந்து கார் டிக்கியில் போட்டு மூடினாள். மெத்தையைத் திருப்பிப் போட்டு மேலே காய்ந்த விரிப்பு ஒன்றை இழுத்து விரித்தாள். தையல் விட்ட இடத்தில் உள்பக்கமாகச் சாம்பல் நிற ஒட்டுப்பட்டையை ஒட்டி, அதை மறைக்க மேலே திரையை இழுத்துவிட்டாள். தரையைத் துடைத்தாள், பிழிந்தாள், துடைத்தாள். ஈர வாடைக்கு இலவங்கப்பட்டை போட்டு ஆப்பிளைக் கொதிக்க வைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்குள் அவள் சீட்டியடித்தபடி வேலை செய்து வெர்லின் பார்த்ததில்லை.

தோளில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், என்ன செய்கிறாய் என்று கேட்டார். ஆள் வருகிறார்கள், சுத்தம் செய்கிறேன் என்றாள். திரையை ஏன் மூடினாய் என்று கேட்டார். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றாள். வெளியே மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மகளும் மருமகனும் குழந்தையும் மத்தியானம் வந்தார்கள். வானம் அதுவரை பொறுத்தது. நோலன் நல்ல பையன், பேச்சுக் குறைவு, மாமனார் வீட்டில் கொடுத்ததைச் சாப்பிடுகிறவன். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தான். ட்ரீசா படுக்கைகளைப் பார்த்தாள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் குழந்தை என்று அம்மாவின் பக்கத்தைக் காட்டினாள். அருமையான இடம், காற்று நன்றாக வரும் என்றாள் மார்லிஸ். அது பொய் இல்லை. வெர்லின் விரிப்பை ஒரு கணம் பார்த்தார்.

எல்லோரும் சின்ன மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தக்காளி சூப்பும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியும். வண்டியின் சரித்திரத்தை வெர்லின் சொல்லத் தொடங்கியபோது மழை வந்தது. முதலில் சடசடவென்று, பிறகு ஒரே இரைச்சலாக. மார்லிஸ் குரலை உயர்த்தி, இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றவா என்று எல்லோரையும் கேட்டாள். யாருடைய கிண்ணமும் காலியாகவில்லை.

கித்தான் ஓரமாக உட்கார்ந்திருந்த நோலன் கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அவன் சூப்பைப் பார்த்தான். இன்னொரு சொட்டு விழுந்தது. அவன் கிண்ணத்தை ஒரு விரல்கடை நகர்த்திக்கொண்டு சாப்பிடுவதைத் தொடர்ந்தான். மருமகன் என்றால் அவன் மருமகன். ட்ரீசாதான் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் நேராக அம்மாவைப் பார்த்தாள். அந்தக் குடும்பத்தில் உண்மை வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, இது ஒழுகுதா?"

மார்லிஸ் வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கே தெரியாது.

"சே சே. இது வேர்வைடி. உள்ள இத்தனை பேர் மூச்சு விடுறோம், சூப்பு வேற கொதிக்குது. எல்லாக் கித்தானும் இப்படித்தான்." அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பார்வை தானாகக் குழந்தைமேல் போனது. "யாராவது தொட்டீங்களா?"

குழந்தை இரண்டு கையாலும் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது.

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தார். பல வருஷம் ஒற்றையாளாகப் பாடிவந்தவர் காதில் பின்பாட்டு விழுந்தால் எப்படி முழிப்பாரோ அப்படி முழித்தார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவர் முகத்தில் அது வரவில்லை.

"ஒழுகுது," என்றார்.

அவர் எழுந்து நின்று, நல்ல கையின் விரலை நீட்டி, கித்தானைத் தொடாமல், ஒவ்வோர் இடமாகக் காட்டத் தொடங்கினார்.

"இந்த மூலைத் தையல் விட்டுப்போச்சு. அந்த மூலையும்தான். ஜன்னல் ஜிப்புக்கு மேல ஊசி போன ஓட்டை வழியா இறங்கும். கூரையோட கித்தானைப் பிடிக்கிற பட்டி இருக்குல்ல, அது விரிஞ்சு கெடக்கு. ஏரிக்காத்தோட மழை வந்தா உங்கம்மா படுக்கிற பக்கம்தான் முதல்ல ஒழுகும். நின்னப்புறமும் ரொம்ப நேரம் ஒழுகும். குழந்தையை அங்க போடாதீங்க."

"எப்பருந்துப்பா?" என்றாள் ட்ரீசா.

"நீ ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்பருந்து."

மார்லிஸின் கையில் சூப் கரண்டி அப்படியே நின்றது. பொய் வெளிப்பட்டுவிட்டதே என்ற வெட்கம்கூட அவளுக்கு அப்போது வரவில்லை. அதற்கு இடமில்லை. இவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்தத் தையல், எந்தத் துளை, எந்தக் காற்று, எல்லாம் தெரிந்திருக்கிறது. அவள் தலையில் பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்த கோடைகளெல்லாம், பக்கத்தில் காய்ந்த தலையணையில் படுத்தபடி, இன்றைக்கு முதலில் எந்த இடம் சொட்டும் என்று இந்த மனிதர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சூப் குடித்து முடிந்தது. நாங்கள் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறோம் என்றாள் ட்ரீசா. அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள், பார்க்கலாம் என்பதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னாள். மழை விட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

கார் மரங்களுக்குள் மறையும்வரை இருவரும் கையாட்டினார்கள். பிறகு மார்லிஸ் கையை இறக்கினாள்.

"ஒனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

"ம்."

"அப்ப ஏன் ஒரு நாள்கூடச் சொல்லல?"

வெர்லின் மரத்தடியில் கிடந்த ஈரத் தார்ப்பாயை நல்ல கையால் மடிக்கத் தொடங்கினார். "சொன்னா சரி பண்ணணும்ல," என்றார்.

இந்த இனத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர்கள் இந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மார்லிஸ் நிறுத்தவில்லை. இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள். குழந்தை படுக்கப் போகிறதே என்றார்.

"நான் படுத்தேனே."

அதற்கு அவரிடம் வேர்வைகூட இல்லை. செருப்பால் ஒரு பைன் காயை உருட்டினார். பிறகு, கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார்: அதோடு, வண்டி வேறு கையைவிட்டுப் போய்விடும். அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கைப்பிடியைக் கழற்றி ஏரியில் எறிந்திருப்பாள். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான், நடக்கப் பழகுகிற குழந்தையைப் பார்த்து யார் தொட்டது என்று கேட்டிருக்கிறாள். அந்த ஞாபகம் குறுக்கே வந்து நின்றுகொண்டதால் கோபம் முழு வேகத்தில் வர முடியவில்லை.

"நீ நல்லாத்தான் சொன்னே," என்றார் வெர்லின். "நானே ஒரு நிமிஷம் வேர்வைதானோன்னு நெனச்சிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன் தலையணையை எடுத்து அவர் இடத்தில் வைத்தாள். அவர் தலையணையைத் தன் இடத்தில் வைத்தாள். சாயங்காலம் மழை திரும்ப வந்தபோது இருவரும் அவரவர் தலையணையில் சாய்ந்து ஆளுக்கொரு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் பொட்டென்று ஒரு சத்தம். என்ன என்றாள் மார்லிஸ். ஒன்றுமில்லை என்றார் வெர்லின். இன்னொரு பொட். அவர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பப் பார்த்தார். நனைந்த தாள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

ஊருக்குத் திரும்பி, முதல் வெயில் நாளில் வண்டியை வீட்டு முன்னால் விரித்தார்கள். யார் வெளியே, யார் உள்ளே என்று மார்லிஸ்தான் முடிவு செய்தாள். வெர்லின் உள்ளே சாக்கட்டியோடு நின்றார். அவள் வெளியே தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, தையல் தையலாக நிதானமாக அடித்துக்கொண்டு வந்தாள். இங்கே ஒழுகுகிறது என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"என்னது? கேக்கல."

"ஒழுகுதுங்கிறேன்."

"தண்ணி சத்தம், வெர்லின். கொஞ்சம் சத்தமா."

"ஒழுகுது!"

தெருவில் நாயோடு போய்க்கொண்டிருந்தவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். மார்லிஸ் அடுத்த தையலுக்கு நகர்ந்தாள். அன்றைக்கு அவளுக்குக் காது ரொம்ப மந்தமாக இருந்தது. அவர் முழுக்க நனைந்து வெளியே வந்தபோது கித்தானின் உள்பக்கம் சாக்கட்டிக் குறிகளால் அம்மை போட்டதுபோல இருந்தது. பிறகு காயவைத்தார்கள், தையல்களுக்கு மெழுகு தேய்த்தார்கள், பட்டியை மாற்றினார்கள். ஒரு வார இறுதிகூட முழுசாக ஆகவில்லை. இத்தனை வருஷத்துக்கும் இவ்வளவுதானா என்று மார்லிஸ் கேட்டாள். வெர்லின், தோள் வலிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

செப்டம்பரில் ஒரு வாரத்துக்கு அவள் மரக்குடிலும் வாடகைக்கு எடுத்துவிட்டாள். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் இருவருக்கும் தூக்கமே வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று ட்ரீசா கேட்டபோது, அமைதியான இடம் என்றாள்.

இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கு இந்நேரம் யாருடைய ஞாபகமாவது வந்திருக்கும். உங்கள் மாமனார், ஆபீஸ் மேலாளர், மாடி வீட்டுக்காரர். உங்கள் ஞாபகம் வந்திருக்காது. நியாயம்தான். உங்களிடம் கூடாரவண்டி கிடையாது. உங்களுடையது காங்கிரீட் கூரை, கட்டியவர் தெரிந்தவர், கம்பி சிமெண்டு எல்லாம் நீங்களே நின்று பார்த்து வாங்கியது. நான் மறுக்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்: படுக்கையறை மூலையில் அந்தப் பெரிய காலண்டரை ஏன் யாரும் தேதி பார்க்க முடியாத உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள்?